பூனையின் அடங்காப் பசி: வீட்டார் அறிய வேண்டியவை

சென்ற ஐப்பசி மழையின்போது, எழுமலைக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரை அவருடைய பேரன் எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தான். உடல் முழுதும் வியர்த்திருந்தது, பேச்சுக் குழறியது, விரல் நுனியில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரையின் அளவு 46 மட்டுமே. நரம்பு வழியே குளுக்கோஸ் ஏறிய சிறிது நேரத்தில் கண் திறந்தார். அவர் முதலில் கேட்டது தம்மைப் பற்றியன்று. "பூனைக்குச் சோறு வச்சியாடா?" என்பதே அவருடைய முதற்கேள்வி.

நீரிழிவுக்காக அவர் பல ஆண்டுகளாகக் கிளிமிபிரைடு மாத்திரை உண்பவர். ஒரு வேளையும் தவறாதவர். அளவும் மாறவில்லை. அவ்வாறிருக்கச் சர்க்கரை ஏன் இவ்வளவு இறங்கியது என்பது எங்களுக்குப் புரியவில்லை. "காலையில சாப்பிட்டீங்களா அப்பத்தா?" என்று செவிலியர் கேட்டதற்கு, "சாப்பிட்டேன் தாயி" என்றார். பேரன் குறுக்கிட்டான்: "எங்கக்கா சாப்பிடுது? தட்டுல பாதிய அந்தப் பூன புடுங்கிக்கிருது. மீதிய பாவம் பாத்து இதுவே வச்சிருது. ரெண்டு மாசமா இதே கததான்."

செய்தி அதுவே. மாத்திரை வழக்கம்போல் வேலை செய்தது. மாத்திரைக்கு ஈடு கொடுக்க வேண்டிய உணவு பூனையின் வயிற்றுக்குப் போயிற்று. ஒன்பது ஆண்டுகளாக வீட்டில் அடக்கமாக இருந்த பூனை, இரண்டு மாதங்களாக விடியுமுன் கத்தத் தொடங்கி, அடுப்படியை விட்டு நகராமல், உலையில் கொதிக்கும் சோற்றுக்கும் கையை நீட்டியது என்று அவர் பின்னர் எங்களிடம் சொன்னார். "பேராசை புடிச்சுப் போச்சு" என்று அக்கம்பக்கத்தார் கூறினராம். அவர் மட்டும் அதை நம்பவில்லை. அவர் நம்பாதது சரியே என்பது பின்னர்த் தெரிந்தது.

நாங்கள் மனிதருக்கு மருத்துவம் பார்ப்பவர்கள். விலங்கு மருத்துவம் எங்கள் துறையன்று. ஆயினும் எங்களிடம் வரும் முதியோர் பலர் தனித்து வாழ்கின்றனர். அவர்களுள் சிலருக்கு வீட்டில் உள்ள ஒரே துணை பூனைதான். அத்துணைக்கு நோய் வந்தால் அது நோயாளியின் தட்டையும், உறக்கத்தையும், மாத்திரைப் பெட்டியையும் தொடுகிறது. ஆதலால் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றை இவ்விதழில் பாடமாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை அறிதல் வேண்டும். பூனை அடிக்கடி உண்பது இயல்பு. வேட்டையாடி வாழும் பூனை ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு சிறு இரைகளைப் பிடித்துத் தின்னும். ஓர் எலியிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 30 கலோரி. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி தேவை. ஆகவே, சிறிது சிறிதாகப் பலமுறை கேட்பது நோயன்று. குட்டி ஈன்று பாலூட்டும் பூனை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உண்பதும் நோயன்று. சினையும் ஏறத்தாழ 63 நாள் நீள்வதால், "திடீரென்று தின்கிறது" என்று எண்ணுவோர் அதன் வயிற்றையும் ஒருமுறை நோக்குதல் நலம். பல்லாண்டு ஒரே அளவில் உண்டுவந்த பூனை, சில வாரங்களுக்குள் மாறிப் போவதையே நாம் பொருட்படுத்த வேண்டும்.

மாறிவிட்டது என்று தெரிந்தால் அடுத்த கேள்வி: எடை ஏறுகிறதா, இறங்குகிறதா? இதற்குக் கண் போதாது. மயிர் அடர்ந்த உடலில் மெலிவு தெரிவதில்லை. நாள்தோறும் பார்ப்பவருக்கோ சிறிதும் தெரிவதில்லை. பூனையைத் துணிப்பையில் இட்டுக் காய்கறிக் கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். அல்லது அதைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி நின்று, பின் தம் எடையைக் கழித்துக்கொள்ளலாம். நான்கு கிலோப் பூனை 400 கிராம் இழப்பது, அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இழப்பதற்கு ஒப்பாகும். அப்பத்தாவின் பூனையை அவருடைய பேரன் மளிகைக் கடையில் நிறுத்தபோது 3 கிலோ 100 கிராம் இருந்தது. முந்தைய எடை எவருக்கும் தெரியாது. ஆயினும் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

நிறையத் தின்றும் மெலியும் பூனைக்கு வயிற்றில் பேராசை இருப்பதில்லை. உண்டது உடலில் சேராமற் போகும் காரணம் ஒன்று இருக்கும்.

அக்காரணங்களுள் ஒன்று நம் வாசகர்களுக்கு மிகவும் பழகியது. பூனைக்கும் நீரிழிவு வரும். அதுவும் பெரும்பாலும் மனிதருக்கு நடுவயதில் வரும் இரண்டாம் வகையை ஒத்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் ஒருவகைப் புரதம் படிந்து இறுகுதல் மனிதரிடமும் பூனையிடமும் ஒன்றுபோலவே காணப்படுகிறது, நாயிடம் அவ்வாறில்லை. இன்சுலின் குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை மிதக்கும், உயிரணுக்களோ பட்டினி கிடக்கும். மூளை அப்பட்டினியை மட்டுமே அறிந்து "இன்னும் தின்" என்று ஏவும். இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 250-ஐத் தாண்டும்போது பூனையின் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். உடன் நீரும் இறங்கும். எனவே நீரிழிவுள்ள பூனை மிகுதியாக நீர் அருந்தும், மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும். சிறுநீர் காய்ந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கிராமத்தில் பலர் பார்த்திருப்பர். சிலவற்றிற்குப் பின்னங்கால் தளர்ந்து, குதிகால் தரையில் படிய நடக்கும். இவ்வளவு பசித்த பூனை திடீரென்று உண்பதை நிறுத்தி, வாந்தியெடுத்து, சுருண்டு படுத்தால் அதை நலமடைந்ததாகக் கொள்ளக் கூடாது. கீட்டோன் என்னும் நச்சுப்பொருள் இரத்தத்தில் பெருகியதன் அடையாளமாக அது இருக்கலாம். அது அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டிய நிலை.

பூனைக்குச் சர்க்கரை பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பையில் அடைத்துப் பேருந்தில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் வளாகத்தில் இறக்கினால், அச்சத்தினாலேயே அதன் இரத்தச் சர்க்கரை உயர்ந்துவிடும். ஆகவே ஒருமுறை கூடுதலாக இருந்தது என்று நீரிழிவு என முடிவு கட்டுவதில்லை. சிறுநீரிலும் சர்க்கரை உள்ளதா என்று பார்ப்பர், அல்லது முந்தைய சில வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் என்னும் சோதனையைச் செய்வர். நம் நோயாளிகள் மூன்று மாதச் சராசரி பார்ப்பதைப் போன்றதே இது.

பத்து வயதைக் கடந்த பூனையாயின் தைராய்டையும் ஐயுற வேண்டும். கழுத்திலுள்ள அச்சுரப்பி மிகுதியாகச் சுரந்தால் உடல் என்னும் அடுப்பு அணையாமல் எரிகிறது. எவ்வளவு விறகு இட்டாலும் போதாது. மெலிவு, படபடக்கும் நெஞ்சு, அடிக்கடி வாந்தி, நள்ளிரவில் காரணமின்றி உரக்கக் கத்துதல், கலைந்த மயிர் ஆகியன அதன் அடையாளங்கள். பூனைகளின் இந்நோயை 1979, 1980 ஆண்டுகளில்தான் அமெரிக்காவின் நியூயார்க், பாஸ்டன் நகரக் கால்நடை மருத்துவர்கள் முதன்முதலாக விரிவாக எழுதினர். இன்று இரத்தத்தில் தைராக்சின் அளவைப் பார்த்து எளிதில் அறியலாம், மாத்திரையாலும் அடக்கலாம்.

குடற்புழு இவற்றைவிட எளிய காரணம். இளம்பூனைகளிடம் இதுவே முதலில் நினைக்க வேண்டியது. தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு உருண்டைப்புழு வந்துவிடும். நாடாப்புழுவோ தெள்ளுப்பூச்சியின் வழியாக வரும்: மயிரை நக்கும்போது பூனை தெள்ளை விழுங்க, அதனுள் இருக்கும் புழுக்கரு குடலில் வளரும். மலவாயைச் சுற்றியும் படுத்த இடத்திலும் அரிசி மணி போன்ற துணுக்குகள் கிடந்தால் நாடாப்புழு என்று கொள்ளலாம். புழுவுக்கு மருந்து கொடுத்துத் தெள்ளை ஒழிக்காவிட்டால் சில வாரங்களில் மீண்டும் அதே நிலைதான்.

இனி உணவுக்கு வருவோம். எங்கள் பகுதியில் பூனைக்குப் பால்சோறும் தயிர்சோறும் வைப்பதே வழக்கம். சந்தை நாளில் மீன்தலையோ, கருவாட்டுத் துண்டோ கிடைக்கும். அன்பில் குறையில்லை, சத்தில் குறையுண்டு. பூனை முற்றும் ஊனுண்ணி. புரதம் குறைந்த நாளில் புரதச் செலவைக் குறைத்துக்கொள்ளும் திறன் நமக்கும் நாய்க்கும் உண்டு. பூனையின் ஈரலுக்கு அத்திறன் மிகக் குறைவு. சோற்றால் வயிறு புடைத்திருக்கும்போதும் அதன் உடலுக்கு வேண்டியது கிடைத்திராது. ஆகவே மீன் நறுக்கும் மணையைச் சுற்றிச் சுற்றி வரும். வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பாலும் செரிக்காது, கழிச்சலே மிஞ்சும்.

டாரின் என்றொரு சத்து உண்டு. இறைச்சியிலும் மீனிலும் மட்டுமே போதிய அளவில் உள்ளது. சோற்றிலும் பருப்பிலும் இல்லை. நம் உடல் அதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பூனையால் போதிய அளவு ஆக்க இயலாது. டாரின் இல்லாத உணவால் பூனையின் விழித்திரை அழிவதை 1975-இல் கண்டறிந்தனர். 1987-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கால்நடை ஆய்வாளர்கள், தளர்ந்து விரிந்த பூனை இதயங்கள் டாரின் கொடுத்ததும் மீண்டதைக் காட்டினர். அதன் பின்னர்ப் பூனைத் தீவனம் செய்யும் நிறுவனங்கள் டாரினை உயர்த்திச் சேர்க்கலாயின. கடைத் தீவனம் வாங்க இயலாதோர், கோழியின் ஈரல், இதயம் முதலியவற்றைச் சிறிதளவும், சதையையும் மீனையும் பெருமளவும் வேகவைத்துக் கொடுக்கலாம். டாரின் வெந்த நீரில் இறங்கிவிடும். அந்நீரைக் கொட்டாமல் சேர்த்தே வையுங்கள். குழம்பு ஊற்றிப் பிசைவது மட்டும் வேண்டா. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். வேகவைத்த எலும்பும் கூடாது. அது கூராகப் பிளந்து குடலைக் குத்தும்.

பசி மிகுந்து எடையும் ஏறினால் காரணங்கள் வேறு. கருத்தடை அறுவைக்குப் பின் உடலின் ஆற்றல் தேவை நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது, பசியோ கூடுகிறது. அளந்து வைத்தாலன்றிப் பூனை பருத்துவிடும். அரிப்புக்கும் மூச்சிரைப்புக்கும் தரும் ஸ்டீராய்டு பசியைத் தூண்டும். அதை வாங்கும் நம் நோயாளிகள் அப்பசியை நன்கு அறிவர். வலிப்புக்குத் தரும் பீனோபார்பிட்டலும் அவ்வாறே. பருத்த பூனையின் உணவைத் திடீரென்று நிறுத்துவது தவறு. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தால் உடற்கொழுப்பு ஈரலில் குவிந்து உயிருக்கே கேடாகும். குறைப்பதாயின் வாரங்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும்.

சோதனை எல்லாம் சரியாக இருந்தும் உணவே நினைவாக இருக்கும் பூனைகளும் உள்ளன. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தார் 2012-இல் எட்டு மாதச் சயாமியப் பூனை ஒன்றைப் பற்றி எழுதினர். அது உணவு மேசையில் பாய்ந்து, உண்பவர் தட்டிலிருந்தே பறித்து, தடுத்தால் உறுமியது. உடலில் நோயொன்றும் காணப்படவில்லை. வேளை தவறாத உணவு, கெஞ்சுதலைப் பொருட்படுத்தாமை, நாள்தோறும் விளையாட்டு என்னும் பயிற்சியால் சில மாதங்களில் அது தணிந்தது. தெருவில் பசித்து வளர்ந்து, பிறகு வீடு சேர்ந்த குட்டிகளிடம் இத்தகைய பதற்றத்தை நாமும் காண்கிறோம். மனிதரும் இதற்கு விலக்கல்லர். இரண்டாம் உலகப்போரின் இறுதியில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்கள் சமையல் நூல்களைப் படித்துக்கொண்டும், தட்டை நக்கிக்கொண்டும், உணவையே பேசிக்கொண்டும் இருந்தனர். உணவு மீண்ட பின்னும் அவ்வேட்கை பலரை நெடுநாள் விடவில்லை. ஆகவே அவ்வாறான குட்டியை அடித்துத் திருத்த முயல்வது பயனற்றது. ஒரே வேளையாகக் கொட்டாமல் நான்கைந்து சிறு வேளைகளாக, குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் வைத்து வந்தால் அச்சம் கரையும்.

இனி, மருத்துவமனை என்னும் முறையில் நாங்கள் கண்டிப்புடன் சொல்ல வேண்டியது மாத்திரைப் பெட்டியைப் பற்றி. "எனக்கும் சர்க்கரை, அதுக்கும் சர்க்கரை, பாதி மாத்திரை குடுத்தா என்ன?" என்று அப்பத்தா எங்களைக் கேட்டார். கொடுக்கவே கூடாது. மனிதருக்கான அளவில் பாதியும் நான்கு கிலோ உடலுக்குப் பெருஞ்சுமை. இன்சுலினும் அவ்வாறே: பூனைக்குப் பொதுவாக ஒரு வேளைக்கு ஒரு யூனிட் அளவில் தொடங்குவர், மனிதர் பலர் போடுவது அதைப்போல் இருபது மடங்கு. போதாக்குறைக்கு, நம் மருந்துக் கடைகளில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ள பேனாவும் உண்டு. பேனா மருந்தை 40 யூனிட் ஊசிக்குழலில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். ஒரு யூனிட் என்னும் அளவில் இப்பிழை உயிரைக் கொள்ளும். காய்ச்சல் என்று எண்ணிப் பாரசிட்டமால் கொடுப்பதும் கொலைக்கு ஒப்பானதே. பூனையின் ஈரலால் அதைக் கரைக்க இயலாது, ஒரு மாத்திரையே போதும். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதைப் பூனைமேல் தடவக் கூடாது, வலிப்பு வரும்.

கால்நடை மருத்துவரிடம் செல்லும்போது மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: பசி தொடங்கிய காலம், நீர் அருந்தும் அளவு, இதுவரை போட்ட ஊசிகளும் கொடுத்த மருந்துகளும். மூன்றாவதே பெரும்பாலும் விடுபடுகிறது. எங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் மாடும் ஆடும் நிற்கும் வரிசையில் பூனையைக் கொண்டு நிற்க வெட்கப்படுவோர் உண்டு. வெட்கம் வேண்டா. வழி தெரியாதோர் அரசின் 1962 என்னும் கால்நடை மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். இரத்தச் சோதனை தேவைப்பட்டால் மதுரைக்குப் போகும்படி நேரலாம்.

வீட்டிலுள்ள நோயாளிக்கும் சில சொற்கள். மாத்திரை உண்பவர் முதலில் தாம் உண்ண வேண்டும். பூனையை அதுவரை வேறு அறையிலோ முற்றத்திலோ விட்டுக் கதவைச் சாத்துங்கள். பூனையின் உருண்டைப்புழு முட்டைகள் மண்ணிலிருந்து குழந்தைகளின் வாய்க்குப் போய்க் கண்ணையும் ஈரலையும் தாக்கக்கூடும். ஆகவே கை கழுவுதல் இன்றியமையாதது. கருவுற்ற பெண்களும், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து உண்போரும் பூனையின் மலத்தை அள்ளாதிருத்தல் நலம். பிறர் நாள்தோறும் அள்ளிவிட வேண்டும், ஏனெனில் டாக்சோபிளாஸ்மாக் கிருமி மலத்தில் ஒரு நாளேனும் கிடந்த பின்னரே தொற்றும் நிலையை அடைகிறது. உணவைப் பறிக்கும் வேகத்தில் பல்லோ நகமோ பட்டால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்கு வாருங்கள். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடாதீர்கள்.

அப்பத்தாவின் பூனைக்கு வருவோம். அதன் இரத்தச் சர்க்கரை 420; சிறுநீரிலும் சர்க்கரை இருந்தது; கீட்டோன் இல்லை. கால்நடை மருத்துவர் பழைய மருந்துகளைக் கேட்டபோதுதான், கோடையில் அரிப்புக்காக ஓரிடத்தில் நீண்டநாள் செயலாற்றும் ஸ்டீராய்டு ஊசி மூன்றுமுறை போடப்பட்டது தெரியவந்தது. ஸ்டீராய்டு பசியைத் தூண்டுவதோடு, இன்சுலினுக்கு எதிராக நின்று, ஏற்கெனவே விளிம்பில் இருக்கும் பூனையை நீரிழிவில் தள்ளிவிடும். ஊசி நிறுத்தப்பட்டது. தெள்ளுக்குத் தக்க மருந்து தரப்பட்டது. அரிப்புக்குக் காரணம் அதுவே. சோறு குறைந்து கோழியும் மீனும் கூடின. காலையும் மாலையும் ஒரு யூனிட் இன்சுலினைப் பேரன் போடுகிறான். பள்ளிக்குப் புறப்படுமுன் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. பூனை தள்ளாடினாலோ, நடுங்கினாலோ ஈறில் தடவச் சர்க்கரைத் தண்ணீர் ஒரு குப்பியில் எப்போதும் தயாராக இருக்கிறது. இவ்வாறு தொடக்கத்திலேயே பிடிபட்ட பூனைகளுள் சில, மாதங்கள் கழித்து இன்சுலின் இன்றியே வாழத் தொடங்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இது அவற்றுள் ஒன்றாகுமா என்பது இன்னும் தெரியவில்லை.

சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தபோது அப்பத்தா தம் சர்க்கரைக் குறிப்பேட்டை எங்களிடம் நீட்டினார். இடப்பக்கத்தில் அவருடைய அளவுகள். ஒன்றும் 90-க்குக் கீழ் இல்லை. வலப்பக்கத்தில் பேரனின் கையெழுத்தில் மளிகைக் கடைத் தராசின் கணக்கு: 3.100, 3.250, 3.400, 3.600.